கம்பிவலையில் நின்ற பெண்

1. ஜெபராஜ் மறுத்த வேலை

ஃபில்டர் ரூமுக்குள் போன வேகத்திலேயே ஜெபராஜ் வெளியே வந்தான். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, கழுத்தில் கிடந்த சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டான்.

“பாய், இனிமே நான் உள்ள போகமாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோங்க.”

“ஏம்லே, பாம்பு கீம்பு கெடக்கா?”

“பாம்புன்னா அடிச்சிருப்பேன்லா. நீங்களே போய்ப் பாருங்க.”

ராஜபாளையத்தில் ஒரு பழைய நூல் மில்லில் ஹெச்-பிளான்ட் ஃபிட்டராக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனவன் நான். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பெயர் காதர் மைதீன் என்றாலும் மில் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் நான் பாய்தான். ஜெபராஜ் எனக்கு உதவியாக இருந்த க்ளீனர். பயந்த சுபாவம் இல்லை. கம்ப்ரஸர் வெடித்த அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன்.

ஹெச்-பிளான்ட் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மில் ஹாலில் காற்று ஈரமாக இருந்தால்தான் நூல் அறாமல் ஓடும். அதற்காக ஒரு பெரிய ஃபேன், ஹாலில் உள்ள காற்றைத் தரையில் பதித்த இரும்புக் கிராதிகள் வழியாகக் கீழே இழுக்கும். தரைக்கு அடியில் ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு ஒரு சுரங்கம் ஓடுகிறது. அதை ட்ரெஞ்ச் என்போம். ட்ரெஞ்ச் போய் முடிகிற இடம்தான் ஃபில்டர் ரூம். அங்கே ஆள் உயரத்துக்கும் மேலாக, துருப்பிடிக்காத எஸ்.எஸ். கம்பிவலை சட்டத்தில் இழுத்துக் கட்டி நிற்கும். காற்றோடு வருகிற பஞ்சுத் தூசு முழுக்க அந்த வலையில் படிந்துவிடும். சுத்தமான காற்று மட்டும் வலையைத் தாண்டிப் போய், தண்ணீர்ச் சாரலில் நனைந்து, திரும்பவும் ஹாலுக்கு வரும்.

எல்லாம் அந்த வலையில்தான் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் என்பதுதான் மெஷ் நம்பர். கண் பெரிதாக இருந்தால் பஞ்சு தப்பித்துவிடும். ரொம்பச் சின்னதாகப் போனால் ஃபேனுக்கு மூச்சு முட்டும். ஷிஃப்டுக்கு ஒரு தடவை ஃபேனை நிறுத்திச் சுத்தம் செய்வோம். இழுப்பு நின்றதும் பஞ்சு தளர்ந்துவிடும். மேல் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போர்வை மாதிரி முழுசாக உரிந்து வரும். பின்னால் வலை கழுவி வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருக்கும். பார்க்கச் சந்தோஷமான வேலைதான் அது.

அன்றைக்கு நான் உள்ளே போனபோது போர்வை உரிந்து தரையில் கிடந்தது. வலையில் ஒரு பகுதி மட்டும் உரியவில்லை. கீழ்ச் சட்டத்திலிருந்து என் இடுப்பு உயரத்துக்கு அது நின்றது. மேலே உருண்டையாகத் தலை. அதற்குக் கீழே கழுத்து ஒடுங்கி, தோள் விரிந்து, இரண்டு பக்கமும் முடி அவிழ்ந்து தொங்குகிற மாதிரி இழை இழையாகப் பஞ்சு. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் அழுக்கு மஞ்சள்.

“சின்னப் பிள்ள மாதிரி இருக்குல்லா பாய்?” என்று வாசலில் நின்றபடியே ஜெபராஜ் கேட்டான்.

“பஞ்சுலே அது. போய் ஒரு டீயக் குடி” என்று சொல்லிவிட்டு, நானே இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். லேசில் வரவில்லை. மறுநாள் அதே இடத்தில் அது மறுபடி நின்றது. கொஞ்சம் வளர்ந்திருந்தது.

2. பேச்சியம்மாள் விழுந்த இடம்

அதே வாரத்தில்தான் பேச்சியம்மாள் முதல் முறையாக மயங்கி விழுந்தாள். சோழபுரத்திலிருந்து மில் பஸ்ஸில் வருகிற பிள்ளை. நூல் நூற்கிற ரிங் ஃப்ரேமில், அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. கை அத்தனை சுறுசுறுப்பு. அவள் ஃப்ரேமின் கடைசியில், சுவரோரமாக ஒரு கிராதி இருந்தது. அதன் பக்கத்தில்தான் விழுந்தாள். மில் டிஸ்பென்சரியில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மாத்திரை சாப்பிட்டும் திரும்பத் திரும்ப விழுந்தாள். தலை வெடிக்கிறது என்பாள், வாந்தி எடுப்பாள், கண்ணைச் செருகிக்கொண்டு ஏதோ முனகுவாள். எல்லாம் அந்தக் கிராதியின் பக்கத்தில்தான். அதைவிட ஒன்றை எல்லாரும் கவனித்துவிட்டார்கள். அவள் விழுவதெல்லாம் நான் ஃபேனை நிறுத்தியிருக்கும் நேரம். ஃபேனின் உறுமல் அடங்கும், செத்த நேரத்தில் அவள் சரிவாள். வீட்டில் இருந்தாலோ, கேன்டீனில் இருந்தாலோ ஒன்றும் இல்லை.

ஒரு நாள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனபோது, “என்ன தாயி செய்யுது?” என்று கேட்டேன்.

“கருகுன வாட அடிக்கி பாய்” என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ராக்கம்மா என்று ஒருத்தி பல வருஷங்களுக்கு முன்னால் அதே ஃப்ரேமில் வேலை பார்த்தவள். வீட்டில் ஸ்டவ் வெடித்து, உடம்பெல்லாம் கருகிச் செத்துப்போனாள். நானும் அவளைப் பார்த்திருக்கிறேன், முடி முட்டி வரைக்கும் இருக்கும்.

“அவதான்” என்றாள் ஒருத்தி. “எனக்கும் அந்த வாட அடிச்சிச்சு. நான்தான் வெளிய சொல்லல.”

“எனக்குந்தான்” என்றாள் இன்னொருத்தி. அதன்பின் அத்தனை பேருக்கும் அந்த வாடை அடித்தது. எனக்கும் ஒரு தடவை, மூக்கில் லேசாகத் தட்டியது.

இந்தப் பேச்சு ஃபில்டர் ரூம் பக்கம் வந்தபோது ஜெபராஜ் வலையில் பார்த்ததைச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். பெண்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் அந்த உருவம் என் நெஞ்சு உயரம் வந்திருந்தது. ஒருத்தி ‘ஆத்தாடி’ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மில் கேட்டில் தீப்பெட்டி, பீடி, சிகரெட் எல்லாவற்றையும் வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வார். பஞ்சு இருக்கிற இடம் இல்லையா? ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் மேஸ்திரி சாம்பிராணிக் கரண்டியில் கனிந்த கங்கோடு ஹால் முழுக்க, ஃப்ரேம் ஃப்ரேமாகப் புகை காட்டி வருவார். அதை யாரும் கேட்கமாட்டார்கள். அது சாமி காரியம். ராக்கம்மா பேச்சு கிளம்பிய பின்னால் வெள்ளிக்கிழமைப் புகை தினசரிப் புகை ஆனது. அதுவும் அந்தக் கிராதிக்கு நேராகக் கரண்டியை இறக்கி, ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள்.

3. புது வலை

என் மனசுக்கு ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. வலையில் ஏதோ கோளாறு, கம்பி நெளிந்து கண் அடைந்திருக்கிறது, அதனால்தான் அந்த இடத்தில் பஞ்சு பிடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேனேஜரிடம் கேட்டு, கம்பிவலை நெய்கிற பட்டறையிலிருந்து அதே மெஷ்ஷில் புது ரோல் வரவழைத்தேன். பழைய வலையை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுசை நானே இழுத்து முடுக்கினேன். விரலால் தட்டினால் தவில் மாதிரி பேசியது. அவ்வளவு இறுக்கம்.

ஓரிரு நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒரு நாள் போர்வையை உரித்தபோது கீழ்ச் சட்டத்தின் மேலே ஓர் ஈரக் கறை. அடுத்த நாள் இரண்டு பாதம் மாதிரி. அப்புறம் இடுப்பு. பழைய வலையில் எங்கே நின்றதோ, புது வலையிலும் அதே இடத்தில், அதே பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் எழுந்து வந்துகொண்டிருந்தாள். ஃபேன் ஓடும்போது வெளிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். இழுப்பில் பஞ்சு அதிரும். மூச்சு விடுகிற மாதிரியே இருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். அதற்கப்புறம் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸியை ஓதாமல் நான் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. மேஸ்திரி ஒரு எலுமிச்சம்பழத்தை வாசலில் கட்டினார். ஜெபராஜ் கதவில் சாக்பீஸால் சிலுவை போட்டான். மூன்று மதத்துக்காரர்களும் அவரவர் வழியில் நடுங்கிக்கொண்டிருந்தோம். மத நல்லிணக்கம் என்றால் அதுதான்.

பேச்சியம்மாள் கதை மோசமாகிக்கொண்டே போனது. பக்கத்து ஃப்ரேம் பெண்கள் அவளோடு நிற்கமாட்டோம் என்றார்கள். அவள் தொட்ட தண்ணீர்ச் செம்பைத் தொடமாட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவள் மாமியார் வீட்டிலோ, பேய் பிடித்தவளை வைத்துக்கொள்ள முடியாது, அம்மா வீட்டுக்கே போகட்டும் என்று பேச்சு.

ஒரு நாள் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து நின்றாள். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

“பாய், வேல போச்சுன்னா அவிய வீட்டுலயும் எனக்கு எடமில்ல. பிள்ளைய அவிய வச்சுக்கிடுவாகளாம். நான் மட்டும் போவணுமாம்.”

அவளுக்கு நாலு வயசில் ஒரு பெண் குழந்தை இருந்தது. “அல்லா பாத்துக்கிடுவான் தாயி” என்றேன். வேறு என்ன சொல்ல?

4. கோடாங்கி வந்த மத்தியானம்

கடைசியில் அவள் புருஷன் கருப்பசாமி மேனேஜரிடம் வந்து நின்றான். ஆலங்குளத்துப் பக்கம் லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலை அவனுக்கு. நல்லவன்தான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் கிடந்து தவித்தான். மகாராஜபுரம் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கியை அழைத்து வந்து, பேய் பிடித்த இடத்திலேயே வைத்து ஓட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றான். கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிறவர்.

மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், படித்தவர், தன்மையானவர். என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பாய், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஆனா அந்தப் பொண்ணு வேலைக்கு வரணும், மத்தவங்களும் நிக்கணும். ஒரு மணி நேரம் ஒதுக்கிக் குடுத்தா எல்லாருக்கும் மனசு ஆறும்னா குடுத்துரலாமே?”

அவர் சொன்னதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. வார விடுமுறை நாளில் மத்தியானம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

ஓடாத மில்லுக்குள் பகலில் போயிருக்கிறீர்களா? ஈரம் வெளியே போகக்கூடாது என்பதற்காக ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. கதவுகளும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். மத்தியான வெயில் வெளியே கொளுத்தும்போது உள்ளே டியூப் லைட்டில் ஃப்ரேம்கள் வரிசையாக, அசையாமல் நிற்கும். அன்றைக்கு ஃபேன் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிராதிக்குப் பக்கத்தில் பேச்சியம்மாளை உட்கார வைத்து, முடியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். கோடாங்கி விளக்கைக் கொளுத்தினார். கொளுத்தக் கொளுத்த ஃபேன் இழுப்பில் அணைந்தது.

“அந்தக் காத்தாடிய நிறுத்தச் சொல்லுங்கய்யா. வெளக்கு நின்னாத்தான் அவ நிப்பா” என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் போய் ஃபேனை நிறுத்தினேன். அங்கே நின்று வேடிக்கை பார்க்க எனக்கு மனசில்லை. ஃபேன் நிற்கிற நேரத்தில் வலையையாவது சுத்தம் செய்வோம் என்று ஃபில்டர் ரூமுக்குள் போனேன்.

போர்வையை உரித்தேன். உருவம் மட்டும் வலையிலேயே நின்றது. இப்போது என்னைவிட உயரம். அதன் எதிரே நான், என் முதுகுக்குப் பின்னால் ட்ரெஞ்ச்சின் இருட்டு. ஃபேன் நின்றுவிட்டால் ட்ரெஞ்ச் ஒரு குழாய் மாதிரி. ஹாலில் ஸ்பானர் விழுந்தால்கூட இங்கே கேட்கும். உடுக்கைச் சத்தம் என் முதுகில் வந்து அடித்தது.

“யாருடி நீ? பேரச் சொல்லு!” என்று கோடாங்கி அதட்டினார்.

பேச்சியம்மாளின் குரல் என் காதுக்குப் பின்னாலேயே நின்று பேசுகிற மாதிரி கேட்டது. “கருகுது… கீழ கருகுது…”

“ஆமாடி, கருகித்தான செத்தே! எங்க வச்சுக் கருகுன? சொல்லு!”

“இங்ஙனதான்… இந்தா, கீழ…”

கூட்டத்தில் பெண்கள் குலவை போட்டார்கள். ஓதிக்கொண்டே, இந்தச் சனியனை இன்றைக்கு ஒழித்துவிடுவது என்று வெறும் கையாலேயே வலையிலிருந்து பிய்க்க ஆரம்பித்தேன். விரல் ஒட்டியது. வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்பாக, பிசுபிசுவென்று, நாள் முழுக்கப் பீடி இழுக்கிறவன் விரல் மாதிரி. மோந்து பார்த்தேன். புகை.

அப்போதுதான் உறைத்தது. பஞ்சு இதில் தானாக ஒட்டவில்லை. புகைப் பிசின் வலையில் படிகிறது, அதில் பஞ்சு ஒட்டிக்கொள்கிறது. எங்கேயோ ட்ரெஞ்ச்சுக்குள் பஞ்சு தணலாகக் கனிந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகை தரையோடு ஊர்ந்து வந்து, தினமும் வலையில் ஒரே இடத்தில் முட்டுகிறது. புது வலை மாட்டினாலும் அதே இடம்தான். ஃபேன் ஓடுகிற வரைக்கும் புகை இந்தப் பக்கம் வரும். ஃபேனை நிறுத்தினால் கிராதி வழியாக மேலே ஏறும். அந்தக் கிராதியை ஒட்டித்தான் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். என் நெற்றிப்பொட்டும் தெறிக்க ஆரம்பித்திருந்தது.

உடுக்கை தாளம் தப்பியது. ஓர் அடி, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, இன்னோர் அடி. பிறகு அது தரையில் விழுந்து உருண்டுபோகிற சத்தம் கேட்டது. குலவையும் நின்றது. ஒரு குரலும் இல்லை.

ஃபேனின் சுவிட்ச் ஃபில்டர் ரூம் வாசலில் இருந்தது. கை அதற்குத்தான் போனது. போட்டால் புகையை இழுத்துவிடும். ஆனால் தணலுக்கும் காற்று கிடைக்கும். ட்ரெஞ்ச் முழுக்கப் பஞ்சு, அதற்கு மேலே அத்தனை மனிதர்கள். கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை.

ஹாலில் கோடாங்கி குப்புறக் கிடந்தார். கருப்பசாமி சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் கிராதியின் மேல் சுருண்டு கிடந்தாள். கொஞ்சம் தள்ளி நின்றவர்கள் கை கூப்பியபடி அசையாமல் நின்றார்கள். ராக்கம்மா கோடாங்கியையே அடித்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள். கிட்டே போக யாருக்கும் துணிவில்லை.

“தீ!” என்று கத்தினேன். “ட்ரெஞ்சுல தீ! வெளிய ஓடுங்க!”

மில் வேலைக்காரன் பேய்க்கு நிற்பான், அந்த வார்த்தைக்கு நிற்கமாட்டான். கூட்டம் கலைந்தது. ஜெபராஜ் எமர்ஜென்சி கதவுகளைத் திறந்து விட்டான். நானும் மேனேஜரும் பேச்சியம்மாளை ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்து, வெளியே வெயிலில் போட்டோம். மேஸ்திரியும் மற்றவர்களும் கோடாங்கியையும் கருப்பசாமியையும் தூக்கி வந்தார்கள். அவள் உடம்பு துவண்டு கிடந்தது. மூச்சு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் அழுதுவிட்டேன்.

5. கிராதிக்குக் கீழே

தீயணைப்பு வண்டி வந்தது. தரை ஸ்லாபைப் பெயர்த்தார்கள். அந்தக் கிராதிக்குக் கீழே, எப்போதோ சுவர் வைத்து அடைத்த ஒரு பழைய கிளை இருந்தது. காற்று சரியாக ஓடாத மூலை. பல வருஷத்துப் பஞ்சு அங்கே மெத்தை மாதிரி அமுங்கிக் கிடந்தது. பார்க்கச் சாம்பல் நிறம்தான். கொக்கியால் கிளறியதும் உள்ளே சிவந்தது. பஞ்சுத் தீ அப்படித்தான். கொழுந்துவிடாமல் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். மேலே கரிக்கட்டைத் துண்டுகள் கிடந்தன. சாம்பிராணிக் கரண்டியிலிருந்து விழுந்தவை. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ ஒரு வெள்ளிக்கிழமைக் கங்கில் பிடித்த தணலுக்கு, பேய்க்குப் பயந்து நாங்கள் புகை காட்டக் காட்டத் தீனி போட்டிருக்கிறோம்.

கோடாங்கி ஆஸ்பத்திரியில் கண் விழித்து, “அது லேசுப்பட்ட பேயில்லய்யா” என்று சொன்னாராம். அவரை யாரும் திருத்தப் போகவில்லை.

பேச்சியம்மாளுக்கு இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். தணல் புகையில் இருக்கிற விஷவாயு ரத்தத்தில் ஏறியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்திருந்தால் கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

நான் பார்க்கப் போனபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மகள் கட்டிலில் ஏறி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. மாமியார் ஃபிளாஸ்க்கைத் திறந்து அவளுக்குக் காபி ஊற்றினார். நான் ட்ரெஞ்ச், தணல், புகைப் பிசின், வலை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

“நான்தான் மொதல்லயே சொன்னேனே பாய், கருகுன வாட அடிக்கின்னு.”

“சொன்ன தாயி. பொறவு திருப்பிச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே. கீழ இருந்து வருதுன்னு சொன்னேன், பஞ்சு கருகுற மாதிரி இருக்குன்னு சொன்னேன். நான் வாயத் தொறந்தா ‘அவ பேசுதா, அவ பேசுதா’ன்னு அம்புட்டுப் பேரும் துண்ணூற அள்ளி மூஞ்சில போட்டிய. பொறவு நான் என்னத்தச் சொல்ல?”

ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார்.

நான் ரிடையர் ஆன பின்னும், ஹெச்-பிளான்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகள் வலையைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். என்ன மெஷ் போட வேண்டும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்று. அதெல்லாம் பழகினால் வந்துவிடும். நான் சொல்வது ஒன்றுதான். வேலை செய்கிற இடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்கிக்கொண்டு போனபின், அவர் நின்றிருந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். அவர் என்ன சொன்னாலும், அதை அவர் சொல்வதாகவே கேளுங்கள்.